இரண்டு வீட்டுக்கு ஓடிய கப்பல் விசிறி

அண்ணன் இறைவனில் இளைப்பாறிய அன்று, காலை பத்தேகால் மணிக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: அண்ணி, நான், பக்கத்து வீட்டு கன்னியம்மா அக்கா, அவருடைய மகள் செல்வி, செல்வியின் பெண் மீனா, ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த உபதேசியார். ஆக ஆறு பேர். மற்றவர்கள் எல்லாம் அதன் பிறகு வந்தவர்கள். நான்தான் பக்கத்தில் இருந்தேன், நீ இல்லை என்று பின்னால் யாருக்கும் மனத்தாங்கல் வரக்கூடாது என்பதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். யாரையாவது விட்டுவிட்டேனோ என்று அண்ணியை நான்கு முறை கேட்டாயிற்று. "அவ்ளோ பேர்தாம்மா, எழுது" என்று அவர் சொன்ன பிறகுதான் பேனாவைத் தொட்டேன்.

அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பு தங்கையான என்னிடம் வந்தது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் பிறந்தார். அப்பா காய்ச்சலில் போனபோது அவருக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு மூன்று. அம்மா எங்களை அழைத்துக்கொண்டு ராயபுரம் வந்து, ஒரே அறை உள்ள லைன் வீட்டில் குடியேறினார்கள். துறைமுகத்தை ஒட்டிய ஒரு பட்டறையில் அண்ணன் வேலைக்குச் சேர்ந்தார். கப்பல்களிலிருந்து கழற்றி வரும் மோட்டார்களை மண்ணெண்ணெயில் கழுவுவதுதான் அவருக்குத் தந்த வேலை. கழுவிக் கழுவியே அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டார். இருபது வயதில் மோட்டாருக்குள் கம்பிச் சுருள் சுற்றி காயில் கட்டுவதற்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். அம்மா படுத்த படுக்கையானபோது நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அம்மா போன பிறகு அண்ணனும், அவரைக் கைப்பிடித்து வந்த அண்ணியும்தான் எனக்குத் தாய் தகப்பன். கல்யாணம் எனக்குக் கூடிவரவில்லை. வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டு அவர்களோடேயே இருந்துவிட்டேன். ஒரு நாளும் ஒரு சொல் கேட்டதில்லை.

அறுபதுகளின் ஆரம்பத்தில், பழைய கப்பல் ஒன்றில் அறைகளைப் புதுப்பித்தபோது வேண்டாமென்று கழித்த இரண்டு மின்விசிறிகளை அண்ணன் எடைக்கு வாங்கி வந்தார். பித்தளை இறக்கை, இரும்பு அடிக்கட்டை. தூக்கினால் கை இறங்கிவிடும் கனம். கப்பல் கரண்ட் நம் வீட்டுக் கரண்டில் பாதிதானாம். தனியாக ஒன்றை மட்டும் மாட்டினால் காயில் கருகிப் போகும். ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையும் கோத்துவிட்டால் பாதிப் பாதி பிரித்துக்கொண்டு ஓடும். ஆனால் ஒன்று நின்றால் மற்றதும் நின்றுவிடும்.

இரண்டையும் நம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று நான் கேட்டேன். அண்ணன் அறையை ஒரு முறை சுற்றிப் பார்த்தார்.

"இத்தினூண்டு வூட்ல ரெண்டு ஃபேனா? நம்மள தூக்கி வெளிய கடாசிடும்."

சுவரில் ஓட்டை போட்டுக் கம்பியை அந்தப் பக்கம் விட்டு, இன்னொன்றைக் கன்னியம்மா அக்கா வீட்டுப் பலகையில் வைத்து முடுக்கினார். அக்காவின் புருஷன் பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்துக் காலமாகிவிட்டார். அக்காவும் செல்வியும்தான் அப்போது அங்கே. இப்படித்தான் எங்கள் இரண்டு வீடும் ஒரே கம்பியில் சேர்ந்தன.

அதற்கென்று ஒரு முறை தானாக வந்துவிட்டது. நிறுத்தப் போகிறவர்கள் சுவரில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். அந்தப் பக்கத்தில் ஒரு தட்டு வந்தால் நிறுத்தலாம். வரவில்லை என்றால் அங்கே யாரோ தூங்குகிறார்கள், ஓடட்டும் என்று அர்த்தம். சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்த நாட்களிலும் இந்தத் தட்டு மட்டும் நிற்கவில்லை.

இன்னொரு விந்தையும் உண்டு. எங்கள் விசிறியில் அழுக்கு சேர்ந்து மெதுவானால், அவர்களுடையது வேகம் பிடிக்கும். கன்னியம்மா அக்கா வாசலிலிருந்தே கூப்பிடுவார்.

"தம்பி, உங்க வூட்டுது தூங்குதா? எங்க வூட்டுது பேய் புடிச்சாப்ல சுத்துது. காலண்டர் பிச்சிகினு போவுது."

அண்ணன் உடனே என் தையல் மிஷின் எண்ணெயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவர்களுடையது மெதுவானால் எங்களுக்குக் காற்று அதிகம். அது அண்ணனுக்குப் பிடிக்காது. "அவங்க காத்து நமக்கு வருது" என்று சொல்லி அங்கே போய்க் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு வருவார். மோட்டாருக்குக் கரண்ட் கடத்தும் கரித்துண்டுகள் தேய்ந்தால், பட்டறையில் கழித்த பெரிய துண்டிலிருந்து அராவி எடுத்துப் போடுவார். அவர்களுடைய காயில் இரண்டு தடவை போயிற்று. இரண்டு தடவையும் தன் கையாலேயே கட்டிக் கொடுத்தார்.

தெருவில் பலருடைய ரேடியோவும் இஸ்திரிப் பெட்டியும் அவர் கையில் பிழைத்தவைதான். எத்தனை வருஷம் ஓடும் என்று கேட்பவர்களிடம், "கடைக்காரன் சொல்ற வருசம் அவன் அடுத்தது விக்கிற வருசம், அத கேக்காத" என்பார். திறந்து பார்க்காமல் தூக்கிப்போடு என்று யாருக்கும் சொன்னதில்லை. அதற்காக எதையும் ஒட்டுப்போட்டு ஓட்டுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு முறை தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் ஒன்று வந்தது. தொட்ட இடமெல்லாம் ஷாக். பிரித்துப் பார்த்தவர் வாசலுக்கு எடுத்துப் போய் சுத்தியலால் நசுக்கிவிட்டார். கொண்டுவந்தவர் கோபித்துக்கொண்டார். "இத நான் ரிப்பேர் பண்ணா உன் வூட்ல பொணம் வுயும். அப்பால நீயே என்ன திட்டுவ" என்று சொல்லி, கையில் இருந்த காசையும் புது ஹீட்டருக்காக அவரிடம் கொடுத்தனுப்பினார்.

அந்த ஹீட்டரைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு விசிறியின் மேல் பயம் பிடித்துக்கொண்டது. அதன் கம்பி துணி சுற்றிய பழைய கம்பி. ஓர் இடத்தில் துணி கிழிந்து உள்ளே கறுப்பாகத் தெரியும். தைக்கும்போது ஒரு கண் அதன் மேலேயே இருக்கும். பொறி பறந்து கூரைத் தட்டி எரிகிறாற்போல நினைத்துக்கொள்வேன். அண்ணனிடம் பத்து முறை சொல்லியிருப்பேன். பார்க்கிறேன் என்பார், ஓவர்டைம் வந்துவிடும்.

அப்போது பட்டறையில் அரியர்ஸ் பணம் வரப்போவதாகப் பேச்சு. புது சீலிங் ஃபேன் வாங்கலாம், பழையதைத் தள்ளிவிடலாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அண்ணன் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"நம்ம புச்சு வாங்கிக்கினா அவங்களுது நின்னுபோவும். அங்க புள்ளத்தாச்சி கீது."

புருஷன் வீட்டிலிருந்து செல்வி பிரசவத்துக்கு வந்திருந்தாள். சித்திரை முடிகிற வெயிலில் மீனா பிறந்தாள். மாதம் நிறையாத குழந்தை, உள்ளங்கையில் அடங்கும். உடம்பெல்லாம் வேர்க்குரு. விசிறி ஓடினால்தான் அழுகை நிற்கும்.

இனி எழுதப்போவதை அண்ணனைத் தவிர இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

குழந்தை பிறந்து பன்னிரண்டாம் நாள் காலை, அண்ணன் ஆறு மணிக்கு வேலைக்குப் போய்விட்டார். அண்ணி கோயிலுக்குப் போயிருந்தார். எட்டு மணிக்கு அந்தக் கிழிசலில் ஒரு சின்னப் பொறி கண்டேன். கண்டேனா, கண்டதாக நினைத்தேனா, இன்றும் தெரியாது. சுவிட்சை நிறுத்தினேன். அன்று சுவரில் தட்டவில்லை. கம்பியை அவிழ்த்து, விசிறியைப் புடவைத் துணியில் சுற்றி, மெயின் ரோட்டில் பழைய இரும்பு வாங்கும் பாயின் காயலான் கடையில் போட்டுவிட்டேன். ஒன்பது ரூபாய் கொடுத்தார். பயம் ஒரு பக்கம். இது போய்விட்டால் அண்ணன் புதிது வாங்கித்தானே ஆக வேண்டும் என்ற எண்ணமும் ஒரு பக்கம் இருந்தது. அதை மறைத்தால் இதை எழுதுவதில் அர்த்தம் இல்லை.

பதினோரு மணிக்குக் கன்னியம்மா அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"சுச்ச போடும்மே. கொயந்த தவிக்குது."

"கரண்ட் இல்லக்கா."

"எதிர் வூட்ல ரேடியோ பாடிகினுகீதே."

நான் குனிந்து துணியை மிஷினில் ஓட்டினேன். அவர் குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடி திரும்பிப் போனார். அன்று மத்தியானம் முழுக்க அந்தச் சுவருக்குப் பின்னால் குழந்தை அழுதது. பிறகு அழவும் தெம்பில்லாமல் முனகியது.

இரண்டரை மணிக்கு அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்தார். வெறும் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எங்கே என்று மட்டும் கேட்டார், சொன்னேன். திட்டவில்லை. விசிறி இருந்த இடத்தில் கம்பி முனைகளில் ஒரு ஹோல்டரைக் கோத்து, பாதிக் கரண்டைப் பிடித்துக்கொள்ளப் பெரிய பல்பு ஒன்றை மாட்டிச் சுவிட்சைப் போட்டார். எங்கள் பக்கம் பல்பு எரிந்தது. அந்தப் பக்கம் விசிறி மெள்ளச் சுற்ற ஆரம்பித்தது. அப்போது கன்னியம்மா அக்கா வந்து எட்டிப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் பேசினார்.

"நான்தாங்க்கா ரிப்பேருக்குக் கயட்டினேன். சொல்லாம போய்ட்டேன், மன்னிச்சிக்க."

காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போனவர், எட்டு மணிவரை ஓடிய விசிறியை எப்படிக் கழற்றியிருக்க முடியும்? அக்காவுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. "சரி தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பாய் கடைக்கு என்னையும் அழைத்துப் போனார் அண்ணன். அதற்குள் பித்தளையைத் தனியாக எடுப்பதற்காக இறக்கைகளை அடித்துக் கழற்றிவிட்டிருந்தார்கள். ஒன்று நெளிந்தும் போயிருந்தது.

"ஒடச்சி பிரிச்சிட்டோம்பா. பித்தளைக்கு இருவது ரூபாக்கி ஆள் சொல்லிட்டான்" என்றார் பாய்.

"பச்ச கொயந்த வூட்டுது பாய். அந்த இருவத நானே தரேன். ஒம்போது கையில கீது. மிச்சம் அரியர்ஸ் வந்ததும்."

"பச்ச கொயந்த வூடுன்ற. எட்த்துகினு போ, மெல்லமா குடு."

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அண்ணன் என்னிடம் அதைப் பற்றிப் பேசினார். விசிறி அவர் தோளில் இருந்தது, இறக்கைகள் என் புடவை மடியில்.

"நீ பயந்தது தப்பில்ல பாப்பா. பத்து தபா சொன்ன, நான் கேக்கல, அது என் தப்பு. தட்டாம நிறுத்தின பாரு, அதான் உன் தப்பு."

ஒன்பது நாள் ஆயிற்று இறக்கைகளை நிமிர்த்தி, எடை பார்த்து, ஆடாமல் பொருத்துவதற்கு. அந்த ஒன்பது நாளும் பட்டப்பகலில் எங்கள் அறையில் பல்பு எரிந்தது. சூடு எங்களுக்கு, காற்று அவர்களுக்கு. அதன் கீழே உட்கார்ந்துதான் நான் தைத்தேன். சுவருக்குப் பின்னால் குழந்தை தூங்கியது.

அரியர்ஸ் வந்ததும் பழைய கம்பி முழுவதையும் உருவிவிட்டு நல்ல கம்பியாக வாங்கி இரண்டு வீட்டுக்கும் மாற்றினார். மாதா மாதம் கம்பியைத் தடவிப் பார்க்கிற வேலையை என்னிடம் கொடுத்தார். "உன்ன மாதிரி பயப்பட்றவங்கதான் அத பாக்கணும். எனக்கு கண்ணுக்கு தெரியாது" என்றார். நானும் ஒரு மாதம் தவறவில்லை. எந்த இடத்தில் சூடு இருக்கிறது என்று சொன்னால் அண்ணன் அப்படியே எழுந்து வருவார், ஒரு நாளும் சிரித்ததில்லை.

கடைசிப் பத்து மாதம் அண்ணனுக்கு நெஞ்சு சரியில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்த பிறகு, கட்டிலை விசிறிக்கு நேராகப் போடச் சொன்னார். ஓடும் சத்தத்தை வைத்தே எந்த வீட்டு விசிறிக்கு எண்ணெய் வேண்டும் என்று சொல்வார். எழுந்திருக்க முடியாததால் எப்படிப் போடுவது என்று மீனாவுக்கும் எனக்கும் படுத்தபடியே சொல்லுவார்.

அன்று காலை அவர் மூச்சு அடங்கிய பிறகு, எண்ணூரிலிருந்து உறவினர் வந்து சேர்வதற்காக மாலை நான்கு மணிவரை அண்ணனை அறையில் கிடத்தியிருந்தோம். கன்னியம்மா அக்கா, செல்வி, மீனா மூன்று பேரும் அண்ணியை விட்டு நகரவில்லை. அவர்கள் வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டிய வீட்டுக்குள் விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. ஆளில்லாத அறையில் அது ஓடியதால்தான் அண்ணன் மேல் காற்று பட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்பிய பிறகு நான் உள்ளே வந்து, சுவரில் இரண்டு தட்டு தட்டினேன். பழக்க தோஷம். எல்லோரும் தெருவில் இருந்தார்கள். பதில் தட்டு வரவில்லை. அதனால் நிறுத்தாமல் விட்டுவிட்டேன்.

அண்ணனைத் தோளில் சுமந்த பட்டறைத் தோழர்களுக்கும், ஜெபித்த பங்கு மக்களுக்கும், ஆஸ்பத்திரிக்கு மாறி மாறிச் சோறு கொண்டுவந்த லைன் வீட்டுப் பெண்களுக்கும், எண்ணூர் உறவினருக்கும் அண்ணியும் நானும் கைகூப்புகிறோம். கன்னியம்மா அக்கா, இதை மீனா உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள். விசிறியை எடுத்துப் போனது அண்ணன் இல்லை, நான். மீனாவும் என்னை மன்னிக்க வேண்டும்.

அண்ணன் யாருக்காவது ஏதாவது தர வேண்டியிருந்தால் தயங்காமல் வந்து சொல்லுங்கள். எங்களுக்குத் தெரிந்து ஒன்றுதான் பாக்கி. அரியர்ஸ் வந்த மறுநாளே அண்ணன் பணத்தோடு காயலான் கடைக்குப் போனார். சாலையை அகலப்படுத்துகிறார்கள் என்று கடை எடுபட்டுவிட்டது. பாய் வியாசர்பாடிக்குப் போனதாகச் சிலர் சொன்னார்கள், ஊருக்கே போய்விட்டதாகச் சிலர் சொன்னார்கள். அண்ணன் எட்டு வருஷம் தேடினார். பாயையோ அவர் பிள்ளைகளையோ அறிந்தவர்கள் எங்களுக்குத் தெரிவித்தால் பெரிய உதவி. பணம் விசிறிப் பலகையில் பவுடர் டப்பாவில் அண்ணன் வைத்தபடியே இருக்கிறது. பதினொரு ரூபாய்.