அம்பகரத்தூர் காளிக்கு ஓர் எருமைக்கிடா

காரைக்காலிலிருந்து அம்பகரத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். பேரளம் போகும் பேருந்தில் ஏறினால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. நான் போனது பேருந்தில் அல்ல. குட்டியானை என்று எல்லோரும் சொல்லும் சிறிய சரக்கு வண்டியில், ஓர் எருமைக்கிடாவுக்குத் துணையாகப் போனேன்.

காரைக்கால் கோவில்பத்தில் என் கல்லூரித் தோழி மங்கையின் வீட்டில் தங்கியிருந்தேன். அங்கே தினமும் மீன் கொண்டுவருபவள் கிளிஞ்சல்மேடு என்ற மீனவ ஊரின் அஞ்சலை. அம்பகரத்தூர் காளியைப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னதைக் கேட்டதும் கூடையை இறக்கிவைத்தாள்.

"செவ்வாக்கிழம நாங்களே போறோம்க்கா. வேண்டுதல் இருக்கு. எங்க வண்டியிலயே வந்துடுங்க."

வைகாசி மாதம். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அதனால்தான் அந்தக் குடும்பத்து ஆண்கள் கரையில் இருந்தார்கள். செவ்வாய் காலை ஏழு மணிக்கு வண்டி வந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் எனக்கும் அஞ்சலைக்கும் இடம். பின்னால் அவள் கணவன் குமார், அவனுடைய அண்ணன் கலியமூர்த்தி, நடுவில் மஞ்சள் பூசிய கிடா. ஒவ்வொரு வேகத்தடையிலும் அது வண்டி அதிரும்படி கத்தியது.

திருநள்ளாறு வரையில் சாலை நிறையக் கார்கள். அதைத் தாண்டியதும் இருபுறமும் கோடைப் பருத்தி. நெல் அறுத்த வயல்களில் கொக்குகள் கூட இல்லை, அவ்வளவு வறட்சி. அந்த வெயிலில்தான் அஞ்சலை ஐப்பசி மழையைப் பற்றிச் சொன்னாள்.

போன ஐப்பசி மழையில் குமார் உட்பட ஐந்து பேரோடு ஒரு படகு கடலுக்குப் போனது. ஓட்டியவர் கலியமூர்த்தி. நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட்டது. காற்று தெற்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. கரையில் நாளாக ஆக ஆளாளுக்கு ஒன்று பேசினார்கள். தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு அஞ்சலை காளியிடம் கேட்டாள்: புருஷன் உசுரக் குடு, ஒரு கிடாவ உனக்குத் தர்றேன். மறுநாள் வேறொரு துறைமுகத்துப் படகு அவர்களைக் கட்டி இழுத்து வந்தது. ஐந்து பேரும் உயிரோடு இருந்தார்கள்.

"எங்க வீட்டுக்காரரு திரும்பவும் கடலுக்குப் போனாரு. மாமாதான் அப்பறம் போகவே இல்ல" என்றாள். மாமா என்றது கலியமூர்த்தியை. "நேத்திக்கடனு தீராம கடல்ல கால் வைக்கமாட்டேன்னுட்டாரு."

எட்டு மணிக்கு முன்பே அம்பகரத்தூர். கோயில் வாசலில் மாலை நாற்பது ரூபாய், எலுமிச்சை மாலை அதைவிடக் கூடுதல். பூ விற்ற பெண் மாலையைக் கட்டியபடியே எனக்குத் தலபுராணம் சொல்லிவிட்டாள். அம்பரன், அம்பகரன் என்று இரண்டு அசுரர்கள். தேவர்களைப் படாதபாடு படுத்தினார்கள். காளி மூத்தவனைப் பக்கத்து ஊரான அம்பரிலேயே கொன்றாள். இளையவன் எருமையாக மாறி ஓடினான். துரத்தி வந்து இந்த இடத்தில் சூலத்தைப் பாய்ச்சினாள். அம்பகரன் விழுந்த ஊர் அம்பகரத்தூர்.

"ஓடுனவன் நேரா இங்கதான் வந்தானா?" என்று கேட்டேன்.

"பின்ன? எங்க ஊரு இருக்கயில வேற எங்க போவான்?"

உள்ளே, காளி வடக்கு நோக்கியிருக்கிறாள். பல கைகளிலும் ஆயுதம், காலடியில் அசுரன். எண்ணெயும் குங்குமமும் ஏறிய கருமையில் முதலில் கண்கள்தான் தெரிகின்றன. கோபமான முகம் என்று கேள்விப்பட்டிருந்தேன். எனக்கு அது வேலையை முடித்தவளின் முகமாகப் பட்டது. இந்தக் கதையை வைத்துத்தான் வைகாசியில் மகிஷ சம்ஹாரத் திருவிழா நடக்கிறது. எருமைக்கிடா வெட்டு என்றால் ஒரு காலத்தில் அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அம்பகரத்தூர்தான். இப்போது கோயிலில் வெட்டக்கூடாது என்று அது நின்றுவிட்டது. கூட்டம் மட்டும் குறையவில்லை.

தரிசனம் முடிந்து வெளியே வந்தபோது கலியமூர்த்தி வேப்பமரத்தடியில் கிடாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலடியில் ஒரு சாக்கு. அதிலிருந்து அரிவாளின் பிடி நீட்டிக்கொண்டிருந்தது. வண்டியில் வரும்போது நான் அதைக் கவனிக்கவில்லை. அஞ்சலையும் கவனித்திருக்கவில்லை என்பது அவள் நின்ற விதத்தில் தெரிந்தது.

"எதுக்கு மாமா இது?"

"கோயில்ல வேணாம். வயக்காட்டுப் பக்கம் கொண்டுபோய் முடிச்சுடுவோம். யாருக்கும் தெரியாது."

"அவளுக்குத் தெரியுமே" என்று அஞ்சலை கோபுரத்தைக் காட்டினாள்.

"அவளுக்குத் தெரியணும்னுதான் சொல்றேன்! வாய் விட்டுக் கேட்டாச்சு. அவளும் குடுத்தாச்சு. நாம குடுக்கலன்னா என்ன ஆவும்? அந்தப் படகுல நான் இருந்தேன்மா. நீ இல்ல."

மாலை கட்டிய பெண் கூடக் கையை நிறுத்திவிட்டாள். குமார் அண்ணனையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றான் கடைசியில். வெள்ளைப்பூ ஒரு பொட்டலத்தில், சிவப்புப்பூ ஒரு பொட்டலத்தில். சிவப்பு வந்தால் வெட்டு, வெள்ளை வந்தால் இல்லை; எது வருகிறதோ அதுதான் அம்மன் சொல். எடுப்பதற்கு ஆளும் பார்த்துவிட்டான்.

"அக்கா எடுக்கட்டும். வெளியூரு. எந்தப் பக்கமும் சாயமாட்டாங்க."

என் கையில் சிவப்பு வந்தால்? பக்கத்தில் அந்தக் கிடா என் புடவை முந்தானையை மோந்துகொண்டிருந்தது.

அஞ்சலை என்னைக் காப்பாற்றினாள்.

"பூவுக்கு என்ன தெரியும்? வேண்டிக்கிட்டது நான். கிடாவத் தர்றேன்னு சொன்னேன். வெட்டுறேன்னு சொல்லல. எம்புருஷன் உசுர அவகிட்ட உசுராத்தான் கேட்டேன். அவ உசுராத்தான் குடுத்தா. நானும் உசுராத்தான் குடுப்பேன். தப்புன்னா என்னக் கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். கலியமூர்த்தி கிடாவின் கயிற்றை அவளிடம் கொடுத்தார். பிறகு தம்பியைக் கூப்பிட்டு, "ஒரு பூசணிக்காய் வாங்கிட்டு வா" என்றார்.

பூசணிக்காயைத் துளைத்து உள்ளே குங்குமம் நிரப்பினார்கள். அஞ்சலை கிடாவை வேப்பமரத்தைச் சுற்றி மூன்று முறை நடத்திக் காளியைப் பார்த்து நிறுத்தினாள். கலியமூர்த்தி அரிவாளை ஓங்கினார். ஒரே வெட்டு. சிவந்த சதை தரையில் சிதறியது. கிடா ஓர் எட்டுப் பின்வாங்கி, பிறகு குனிந்து அதைத் தின்ன ஆரம்பித்தது. முதலில் சிரித்தது குமார்தான்.

கிடாவை யாரிடம் விடுவது என்றும் அஞ்சலை முன்பே பேசி வைத்திருந்தாள். உள்ளூரில் எருமை வளர்க்கும் சாந்தி என்ற பெண் வந்தாள். "விக்கக்கூடாது, வெட்டக்கூடாது. அம்மன் சொத்து" என்றாள் அஞ்சலை. "அம்மன் சொத்துல எவ கை வைப்பா?" என்று சாந்தி கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

நான் அங்கிருந்தே பேரளம் வழியாக ஊர் திரும்ப வேண்டும். பதினொரு மணி வெயிலில் பேருந்து நிறுத்தம் வரையில் கலியமூர்த்தி என் பையைத் தூக்கி வந்தார்.

"மனசு ஆறிடுச்சாங்க?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. பயம் அப்படியேதான் இருக்கு." பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்: "தடை முடிஞ்சதும் தம்பி போவான். இத்தன நாள் அவன வேற ஆளுங்களோட அனுப்பிட்டுக் கரையில உக்காந்திருந்தேன். இனிமே முடியாது. அந்தப் பொண்ணு அவ்வளவு பெரிய பொறுப்ப ஒத்தையாத் தலையில ஏத்திக்கிட்டா. நான் படக எடுக்காம இருந்தா நல்லா இருக்குமா?"

பேருந்து வந்துவிட்டது. பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் ஊரிலும் காளி உண்டு, மாகாளியம்மன் என்போம். மழை வேண்டும், பெண்ணுக்கு மாப்பிள்ளை வேண்டும் என்று கேட்டுவிட்டு, கேட்டதை அவளிடமே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். அவளிடம் சொன்ன சொல்லுக்கு இன்னதுதான் பொருள் என்று நேருக்கு நேர் நின்று எங்களில் யாரும் பேசி நான் பார்த்ததில்லை. ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தேன். கலியமூர்த்தி நடந்து போய்க்கொண்டிருந்தார். வேப்பமரத்தடியில் அஞ்சலை கையைத் தட்டி அவரைக் கூப்பிட்டாள். எல்லோரும் வண்டியில் ஏறினார்கள், கடலை நோக்கித் திரும்புவதற்கு.