புதுவாயல் கூட்டுரோட்டில் ஒரு சொம்பு கூழ்

பகல் இரண்டு மணி. மலேசியாவிலிருந்து தேர்வாய் கண்டிகைத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் பொருத்த வந்த நான், ஓட்டல் சாப்பாடு அலுத்துப்போய், புதுவாயலில் ஒரு தள்ளுவண்டி முன் நிற்கிறேன். பானை நிறையக் கேழ்வரகுக் கூழ்.

"வோணாம் சார், நல்லா புளிச்சிக்கினு கீது. உங்க வயித்துக்கு ஒத்துக்காது" என்கிறார் வண்டிக்கார அம்மா.

நான் விடவில்லை. மோர் விட்டுக் கரைத்து, வறுத்த நெத்திலிக் கருவாட்டோடு தருகிறார். முதல் மடக்கில் புளிப்பு. அடுத்ததில் நெஞ்சுவரை குளிர்கிறது. பினாங்கில் கூழ் என்றால் கோயில் திருவிழாவில் ஒரு வாய்தான். இப்படி வயிறாரக் குடித்ததே இல்லை.

இன்னொரு சொம்பு கேட்கிறேன். பானையை மூடிவிடுகிறார்.

"ஷிப்ட் உட்டு பொண்ணுங்க வரும் சார். காலைல ஒண்ணும் துன்னாம போனதுங்க."

கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. நீலச் சட்டைப் பெண்கள் இறங்குகிறார்கள். யாரும் வாய் திறப்பதற்குள் ஒருத்திக்கு உப்பு குறைத்து, இன்னொருத்திக்கு மோர் கூட்டி ஊற்றுகிறார். ஒருவருக்கும் மாறவில்லை. பார்த்துக்கொண்டே நிற்கிறேன். பானை காலியாகிறது.

கிளம்பும்போது கூப்பிடுகிறார்.

"நாளைக்கி உனக்கும் சேத்துக் கரைக்கிறேன். வந்துடு நைனா."