சூப்பர்பிளாக் நிபுணர்

இரண்டாயிரங்களின் நடுவில், காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச்சேலை டிசைன் கூடத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். லினக்ஸ் ஓடும் நான்கு கம்ப்யூட்டர்கள், ஒரு சர்வர். பார்டர், முந்தானை டிசைன்கள் எல்லாம் சர்வரில் இருக்கும். மற்ற நான்கும் நெட்வொர்க் வழியாக அதை மவுன்ட் செய்து, அதாவது தன் டிஸ்க் போலவே இணைத்துக்கொண்டு, திறக்கும். சிடியில் ஒரு பிரதி எடுத்து வைக்கலாம் என்று கேட்டால் போதும், முதலாளி சர்வருக்கு வைத்திருந்த குங்குமப் பொட்டைக் காட்டிச் சிரிப்பார்.

ஒருநாள் காலை கரண்ட் போய் வந்ததும் ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் டிசைன்கள் வரவில்லை. அதில் வேலை செய்த அக்கா ஐயம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருபவர். மூன்று மாதமாக ஒரு கல்யாணச் சேலைக்கு டிசைன் போட்டுக்கொண்டிருந்தார். திரையில், கோப்பு முறை தவறு, ஆப்ஷன் தவறு அல்லது சூப்பர்பிளாக் தவறு என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. சூப்பர்பிளாக் என்பது டிஸ்க்கின் அமைப்பு விவரம் எழுதியிருக்கும் இடம்.

முதலாளி சென்னையிலிருந்து தன் நிபுணரை வரவழைத்தார். கழுத்தில் டை, இடுப்பில் இரண்டு செல்போன். அந்த வரியில் கடைசிக் காரணத்தை மட்டும் படித்தார்.

"டிஸ்க்குல சூப்பர்பிளாக் போயிடுச்சு சார். சர்வர ஃபார்மட் பண்ணிடலாம்."

ஃபார்மட் செய்தால் அக்காவின் மூன்று மாத வேலையும் சேர்ந்து அழிந்துவிடும்.

"டிஸ்க் போயிருந்தா பக்கத்து மெஷின்ல எப்படித் திறக்குது?" என்றேன். மற்ற மூன்றிலும் அதே டிசைன்கள் திறந்தே இருந்தன.

"அது கேஷ் மெமரிலேர்ந்து வருதுமா," என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"அவரு படிச்சிட்டு வந்திருக்காரு. நீ ஏம்மா குறுக்கால பேசிக்கினு இருக்க?" என்றார் முதலாளி.

நிபுணர் காப்பிக்குப் போன நேரத்தில், மவுன்ட் ஆப்ஷன்கள் எழுதியிருக்கும் கோப்பைத் திறந்தேன். வேகம் கூட்டுகிறேன் என்று இரண்டு வாரம் முன்பு அவரே அந்த ஒரு கம்ப்யூட்டரில் சேர்த்த வரி அது. ஒரு தடவையில் எவ்வளவு படிப்பது என்று சொல்லும் rsize இருக்க வேண்டிய இடத்தில் rszie என்று இருந்தது. அன்று சேமித்துவிட்டு, சோதித்துப் பார்க்காமல் கிளம்பிவிட்டார். இரண்டு வாரமாக அணைக்காமலே ஓடிய மெஷின் காலையில் மறுபடி கிளம்பியபோதுதான் அந்த வரி முதல்முறை படிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு எழுத்தை இடம் மாற்றினேன். மவுன்ட் ஆனது.

நிபுணர் திரும்பி வந்து திரையைப் பார்த்தார். கொஞ்சமும் கூச்சமில்லை. "டிஸ்க் சூடாகியிருந்துச்சு சார். ஆறினதும் தானா சரியாயிடுச்சு."

"அவரு கால் வச்ச ராசி," என்றார் முதலாளி. தவற்றைக் காட்ட அந்தக் கோப்பைத் திறந்தேன். இருவரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. "எல்லாத்தையும் சிடில போட்டுக் குடும்மா," என்றார். சாயங்காலம், நான் போட்டுக் கொடுத்த நான்கு சிடிக்களையும் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் முதலாளி தடுத்தார்.

"அதான் சரியாயிடுச்சே, எதுக்கு இது?"

"உங்க நிபுணரு மறுபடி வருவாரே சார்," என்று சொல்லிவிட்டு அக்கா பஸ் பிடிக்கப் போனார்.