ஜாய்ஸின் கல்

"மழை வரும்போல இருக்கு ஜாய்ஸ். கோழிக்கூட்டுக் கதவை இன்னும் சரி பண்ணல. திட்டாத" என்று சொல்லிக்கொண்டே, சட்டைக் கையால் மனைவியின் கல்லறைக் கல்லைத் துடைக்கிறார் டெனிஸ் ஹாக்பன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்; மெதுவாகப் பேச வராது. கல்லறைத் தோட்டச் சுவருக்கு இந்தப் பக்கம் துணி காயப்போடும் எனக்கு அவர் குடும்பச் சண்டை முழுக்க அத்துப்படி.

மார்ச் மாதம் இங்கிலாந்தின் கென்ட் சதுப்புநிலத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குத் தொடர் எடுக்கத் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். பள்ளியில் எல்லோரும் படித்த விக்டோரியா ராணி காலத்து நாவல். அநாதைப் பையன் வளர்ந்து ஆளாகிற கதை. முதல் காட்சி கல்லறைத் தோட்டத்தில். பாதிரியார் தலையாட்டிவிட்டார். ஜாய்ஸின் பளபளக்கும் கருங்கல் அந்தக் காலத்துக்கு ஒட்டவில்லையாம். பாசி படிந்ததுபோல் சாயமடித்த தெர்மாகோல் பலகையை அதன்மேல் மாட்டினார்கள். அதில் யாரோ ஒரு தாமஸின் பெயர்.

மறுநாள் டெனிஸ் போட்ட சத்தம் என் சமையலறை வரை கேட்டது.

"யாருய்யா இந்த தாமஸ்? என் பொண்டாட்டி மேல எவன் பேரை எழுதி வச்சிருக்கீங்க?"

படக்குழுப் பெண் ஓடி வந்தாள். "சாயங்காலம் எடுத்துடுவோம் சார். பாதிரியார்கிட்ட கேட்டுட்டுத்தான்..."

"உள்ள படுத்திருக்கறது பாதிரியார் பொண்டாட்டியா? என் வீட்டுக் கதவு அந்தா தெரியுது. வந்து தட்ட கை வரலையா?"

பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மஞ்சள் மழைக்கோட்டோடு கல்லில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். பாதிரியார் வந்தார்.

"டெனிஸ், கோயில் கூரை ஒழுகுது. அவங்க தர்றதுலதான் ஓடு மாத்தணும்."

"ஒழுகட்டும். நனையப்போறது நாமதான். அவ இல்ல."

மதியம்வரை அசையவில்லை. நடிக்க வந்த பையன் மெல்லிய சட்டையில் நடுங்கிக்கொண்டு நின்றான். அவனைப் பார்த்துத்தான் எழுந்தார். "இவன் செத்துத் தொலையறதுக்குள்ள எடுத்து முடிங்க" என்று சுவரோரம் போய் நின்று, அவர்கள் பலகையை மறுபடி மாட்டிப் படமெடுத்து முடிக்கும்வரை முறைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் பலகை போனது. கல்லில் பசை மட்டும் நின்றது. ஜாய்ஸ் பெயரிலிருந்து அதை நகத்தாலேயே சுரண்டினார்.

போன ஞாயிறு முதல் பகுதி ஒளிபரப்பானது. மதுக்கடைத் திரை முன் ஊரே கூடியிருந்தது. நம்ம கோபுரம், நம்ம வேலி என்று ஆளாளுக்குச் சிரிப்பு. பையன் குனிந்து கல்லைப் படிக்கத் தொடங்கினான். டெனிஸ் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து முன்னே போனார்.

"உக்காருப்பா, மறைக்குது" என்றது ஒரு குரல்.

அவர் திரையில் தெரிந்த தாமஸ் என்ற எழுத்துகளின் மேல் உள்ளங்கையை அகல விரித்து வைத்தார். காட்சி மாறும்வரை எடுக்கவில்லை.