எல்லாம் சரி என்று சொன்னவர்

குளிர்கிடங்கில் அவருக்கு வைத்திருந்த பெயர் பூச்சி. வாயில்லாப் பூச்சி என்று முழுதாகச் சொல்லச் சோம்பல்பட்டு, ஆட்கள் முன்பாதியை விழுங்கிவிட்டார்கள். ஆள் என்னவோ ஆறடி. இறைச்சிப் பெட்டியை ஒரு தோளில் வைத்துக்கொண்டு மறுகையால் அந்தக் கனத்த கதவை இழுத்துத் திறப்பார். ஆனால் நாலு பேர் சேர்ந்தாற்போல் அவர் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், கால் உதறும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவருடைய கல்யாணத்தில் யாரோ, "மாப்பிள்ளை ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்றதும் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டவர், வந்தவர்களில் பாதிப்பேர் கிளம்பிய பிறகுதான் வெளியே வந்தார். "என்னப் பிடிக்காமத்தான் ஓடிட்டீங்கன்னு நெனச்சேன்" என்று மனைவி இன்றைக்கும் குத்திக்காட்டுவாள்.

இப்படிப்பட்டவரை அந்தக் கிடங்கின் வழக்கம் ஒன்று வாட்டி எடுத்தது. காலையில் வேலை தொடங்குமுன் எல்லாரும் லாரி மேடையருகே கூட வேண்டும். அன்றைக்கு யார் முறையோ அவர் முன்னால் வந்து, முதல்நாள் தன் கண்ணில் பட்ட பழுதுகளைச் சொல்ல வேண்டும். சூப்பர்வைசர் அதை நோட்டில் எழுதுவார். நோட்டில் ஏறினால்தான் மெக்கானிக் வருவார். தனியாகப் போய்க் காதில் சொன்னால், "கூட்டத்துல சொல்லுப்பா, எல்லாருக்கும் தெரியட்டும்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். நல்ல வழக்கம்தான், வாய் உள்ளவர்களுக்கு.

பூச்சிக்கு வாயாக இருந்தவர் ரேடியோ. இந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை. தூங்கும்போதுகூடப் பேச்சு நிற்காது என்று அவர் வீட்டிலேயே சொல்வார்கள். இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. பூச்சியின் முறை வரும் நாளில் ரேடியோ பேசுவார். பதிலுக்கு, ரேடியோவின் பங்குக்குத் தரையில் உறைந்த பனியைப் பூச்சி சுரண்டுவார். ஆறு வருடம் இப்படியே ஓடியது. சூப்பர்வைசரும் கண்டும் காணாமல் இருந்துவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், மூன்றாம் அறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடி பூச்சியின் கையில் சும்மா சுழன்றது. உள்ளே இருப்பவர் வெளியே வர அந்தக் கைப்பிடி ஒன்றுதான் வழி. அப்போது கதவு திறந்திருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் அவர் முறைதான், ரேடியோ சொல்லிவிடுவார் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

மறுநாள் ரேடியோ பஸ்ஸைத் தவறவிட்டார். கூட்டம் காத்துக்கொண்டு நிற்கிறது. "உன் ஆளக் காணோம். நீதான் பேசணும்" என்றார் சூப்பர்வைசர். "டேய், பூச்சி பேசப்போகுதுடா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. பத்தொன்பது முகங்கள். தினம் கூடவே டீ குடிக்கிற முகங்கள்தான். "மூணாம் ரூம்ல..." என்று தொடங்கியது தொண்டையைத் தாண்டவில்லை.

"எல்லாம் சரி" என்றார்.

ரேடியோ வந்ததும் அவரிடம் சொல்லிவிடலாம், அவர் பார்த்துக்கொள்வார் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார். ஆனால் அந்த நிமிடமே பூச்சியை வெளியூர் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். லாரி வாசலைத் தாண்டும்போது ரேடியோ மூச்சிரைக்க எதிரே ஓடிவந்தார். கையை ஆட்டினார். பூச்சியும் கையை ஆட்டினார். திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. மத்தியானம் எல்லாரும் கிளம்பும் நேரத்தில், கடைசிப் பெட்டி ஒன்றை வைக்க ரேடியோ மூன்றாம் அறைக்குள் போனார். ஒரு நிமிட வேலைதானே என்று கனத்த கோட்டைக்கூடப் போடவில்லை. கதவு சாத்திக்கொண்டது. அவர் முன்னாலேயே போய்விட்டார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். ஐந்து மணிக்கு அவர் மனைவி தேடிக்கொண்டு வந்து, காவலாளி ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தபோது, அவர் கதவோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம் கத்தினாரோ தெரியாது. அந்தக் கதவின் கனம் ஒரு சாண்.

விசாரணை நடந்தது. நோட்டை எடுத்துப் பார்த்தார்கள். சனிக்கிழமைப் பக்கத்தில் 'எல்லாம் சரி' என்று இருந்தது. ஆகவே முடிவும் சுலபமாகிவிட்டது: கோட்டுப் போடாமல், கைப்பிடியைச் சோதிக்காமல் உள்ளே போனது அவருடைய கவனக்குறைவு. செத்தவர் எழுந்து வந்து இல்லையென்றா சொல்லப்போகிறார்? உண்மை தெரிந்த ஒரே ஆள் கடைசி வரிசையில் தலைகுனிந்து நின்றார்.

அதன்பிறகுதான் பூச்சி பேசப் பழகினார். இனி தன் வாய் அடைத்து ஓர் உயிர் போகக் கூடாது என்று வைராக்கியம். மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து, அதே மூன்றாம் அறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்துப் பேசுவார். முதல் மாதம் வாயிலிருந்து ஆவிதான் வந்தது, பேச்சு வரவில்லை. பிறகு சமையலறையில் மனைவி முன்னால் பேசினார். அவள் சிரிக்காமல் கேட்டாள், பாவம். பிறகு, "இன்னைக்கும் நானே பேசறேன் சார்" என்று மற்றவர்களின் முறையையும் கேட்டு வாங்கினார். ஒரு வருடத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், எங்கே சிரிக்கவைக்க வேண்டும், எல்லாம் அத்துப்படி. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவர்தான் பாதுகாப்புப் பாடம் எடுத்தார். மற்ற கம்பெனிகளும் கூப்பிட்டன.

எல்லா இடத்திலும் ரேடியோவின் கதையைத்தான் சொல்வார். ஆனால் ஓர் இடம் வரும்: "கைப்பிடி உடைஞ்சிருந்தது யாருக்குமே தெரியாது. உள்ள போறதுக்கு முன்னாடி அவரு ஒரு நிமிஷம் கவனிச்சிருந்தா..." முதல் தடவை உண்மையைத்தான் சொல்லப் போனார். அது வரவில்லை, இது வந்துவிட்டது. சொல்லிச் சொல்லி இதுவே சரளமாகிவிட்டது. அந்த இடத்தில்தான் ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கூட்டத்தைக் கண்ட பயம் போய்விட்டது என்று ஊர் சொன்னது. போகவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது, அவ்வளவுதான்.

மூன்றாம் வருடம் ஒரு துணி ஆலையில் பேசக் கூப்பிட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் இருநூறு பேர். மேடையேறுமுன் ஒரு பெண் ஓடிவந்தாள். ரேடியோவின் மனைவி. அங்கே தையல் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமாம்.

"நல்லா இருக்கீங்களா அண்ணே? உங்க பேச்சுன்னதும் முன்னாடியே இடம் புடிச்சிட்டேன்."

"பாப்பா எப்படிம்மா இருக்கா?"

"ஆறாவது படிக்கிறா. அவளும் அவங்கப்பா மாதிரி வாயாடி. ஸ்கூல்ல பேச்சுப் போட்டியாம், 'கவனக்குறைவின் விளைவு'ன்னு தலைப்பு. எங்கப்பாவத்தான் உதாரணமாச் சொல்லப்போறேன்னு எழுதி வச்சிருக்கா. நீங்க ஒரு தடவ பாத்துத் திருத்திக் குடுங்கண்ணே."

பூச்சி மேடையேறினார். வழக்கமான வேடிக்கைகளைச் சொன்னார், கூடம் சிரித்தது. சனிக்கிழமை வந்தது, கைப்பிடி வந்தது. அங்கே நின்றுவிட்டார். முன்வரிசையில் அவள் முந்தானையைக் கண்ணருகே தயாராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெகுநாளுக்குப் பிறகு நாக்கு மறுபடி மேலே ஒட்டிக்கொண்டது.

"எனக்குத் தெரியும்" என்றார். குரல் கீச்சிட்டது. "கைப்பிடி உடைஞ்சது எனக்கு முதல் நாளே தெரியும். அன்னைக்குப் பேச வேண்டியவன் நான். பயந்துகிட்டு எல்லாம் சரின்னு சொல்லிட்டேன். அவரு மேல ஒரு தப்பும் இல்ல."

யாரும் கைதட்டவில்லை. அவள் வாசலருகே காத்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"எம்மககிட்ட நீங்களே வந்து சொல்லுங்க" என்றாள். "நான் சொன்னா நம்பமாட்டா. அவளுக்கு அந்தப் பேச்சு மனப்பாடம் ஆயிடுச்சு."

அன்று சாயங்காலமே போனார். எழுதிய தாளை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளை எதிரே உட்கார்ந்து கேட்டது. சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. முடித்ததும் அது கேட்டது.

"யாரப் பாத்து மாமா பயந்தீங்க?"

"எல்லாரும் தெரிஞ்சவங்கதாம்மா."

பிள்ளை மடியிலிருந்த தாளை இரண்டாக மடித்தது.

"எங்கப்பா அங்க நின்னிருந்தா சொல்லியிருப்பாருல்ல?"

"சொல்லியிருப்பாரும்மா" என்றார் பூச்சி. "எனக்காக எப்பவும் அவருதான் சொல்லுவாரு."