பருந்துக்குள் ஒரு வேட்டை

அடிபட்ட பறவைகளைப் பார்க்கும் அந்த மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் கூண்டக்கா. கூண்டு கழுவுவது, இறைச்சி நறுக்குவது, மருந்து போடப் பறவையைப் பிடித்துக் கொடுப்பது எல்லாம் அவள் வேலை. அதற்கு முன் கோழிக்கடையில் இருந்தாள். "அங்க பிரிச்சா, இங்க ஒட்ட வைக்கிறா" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். அவள் அதிகம் பேசமாட்டாள். கண் மட்டும் எதையும் விடாது.

இறக்கை முறிந்து வந்த பருந்துக்கு எலும்பு கூடிவிட்டது. ஆனால் உள்ளங்காலில் வீக்கம். மருந்து போட்டால் வற்றும், மறுபடி பொங்கும். பருந்துக்குக் கால்தான் ஆயுதம். புண் எலும்பைத் தொட்டுவிட்டால் ஊசி போட்டு முடித்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டரம்மா.

"உக்கார்ற கட்டையத் தினம் தேய்க்கிறேனே, டாக்டரம்மா."

"உங்களக் குத்தம் சொல்லலக்கா. வாங்க, ஆளக் காட்டறேன்."

நுண்ணோக்கியில் ஊதா நிறப் புள்ளிகள் கொத்துக்கொத்தாகக் கிடந்தன. சீழிலிருந்து எடுத்த பாக்டீரியா.

"இதுக்கு வாயே இல்லையே. எப்படித் தின்னுது?"

"உடம்பாலயே உறிஞ்சிக்கும். தீனி கிடைச்சா, நீங்க சாப்பிட்டு வர்றதுக்குள்ள ஒண்ணு ரெண்டாயிரும்."

"அப்போ சாப்பாட்ட விட்டுர வேண்டியதுதான்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. பருந்து உயரத்தில் வட்டமிட்டு ஒன்றைக் குறிவைக்கும். வயிறு நிறைந்தால் சும்மா உட்கார்ந்திருக்கும். இந்தப் புள்ளிக்கு நிறைவதே இல்லை. பருந்து தேடிப் பறந்து போகும். இதற்குச் சிறகும் இல்லை, காலும் இல்லை. அப்படியானால் யாரோ சுமந்துவர வேண்டும்.

மேசைமேல் தோல் கையுறை கிடந்தது. கட்டு மாற்றும்போதெல்லாம் அதைப் போட்டுத்தான் அந்தக் காலைப் பிடிப்பாள். தோல் விறைத்துவிடும் என்று அதற்குத் தண்ணீரே காட்டியதில்லை.

"இதையுமா கழுவணும், டாக்டரம்மா?"

டாக்டரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். "நானும் இதைத்தானேக்கா மாட்டிக்கிட்டேன்."

கையுறை அன்றே எரியடுப்புக்குப் போனது. அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் கையில் சுற்றிக்கொள்ள, கொதிக்க வைத்துக் காயப்போட்ட துணிதான். துணியைத் தாண்டி நகம் மணிக்கட்டைக் கிழித்தது.

"புதுக் கையுறை வர்ற வரைக்கும் வேற ஆள் பிடிக்கட்டுமே" என்றார் வீட்டுக்காரர்.

"வேற ஆள்கிட்ட அது முரண்டு பிடிக்கும். புண்ணு பிஞ்சிரும்." காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மறுநாளும் போனாள்.

வீக்கம் மெல்ல அடங்கியது. ஒரு காலை, போட்ட இறைச்சியைப் பருந்து அந்தக் காலாலேயே அழுத்திப் பிடித்துக் கிழித்தது. சத்தம் போடாமல் டாக்டரம்மாவைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.