அட்டையில் நடுவில் நின்றவள்

எங்கள் பாட்டுக் குழுவில் மூன்று பெண்கள்தான். கல்லூரியில் நான்காவதாக ஒருத்தி சேர ஆசைப்பட்டாள், நல்ல குரல். ஆனால் தறியில் ஒருமுறை ஏற்றும் நூலில், அதாவது ஒரு பாவில், மூன்று புடவைதான் இறங்கும், நாலாவதுக்கு வேறு பாவு போட வேண்டும், நிறம் ஒத்து வராது என்று நெசவாளியான என் அப்பா சொல்லிவிட்டார். காஞ்சிபுரத்தில் ஒரு பாப் குழுவுக்கு எத்தனை பேர் என்பதைத் தறிதான் முடிவு செய்தது. சிரிக்காதீர்கள், அப்போது எங்களுக்கு அது நியாயமாகவே பட்டது.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஒரு கல்யாண வரவேற்பில் நாங்கள் பாடியதைக் கேட்டு, மெட்ராஸில் ஒரு ரெக்கார்டு கம்பெனி கூப்பிட்டது. கோடைக்கென்று புதுப் பாட்டு. கிடாரும் டிரம்ஸும் வைத்து, வெயிலை வாய்க்கு வந்தபடி திட்டுகிற துள்ளல் பாட்டு.

அப்பாவுக்குப் பாட்டில் அக்கறை இல்லை.

"ரெக்கார்டு அட்டையில போட்டோ போடுவாங்களாமா?"

"போடுவாங்கப்பா."

"கலர்லியா?"

கலரில்தான் என்றேன். அன்றைக்கே பாவுக்குப் பட்டு வாங்கக் கிளம்பிவிட்டார். அவர் நெய்ததெல்லாம் அதுவரை கடைக்காரர் பெயரில்தான் ஊர் ஊராகப் போயிற்று. இது மட்டும் அவர் நெய்தது, அவர் பெண் கட்டியது, அட்டையில் அச்சாகி வரப்போவது. மாம்பழ மஞ்சளுக்கு அரக்குக் கரை கோத்து மூன்றையும் நெய்து முடித்தார். தெருவில் ஒருவர் விடாமல் சொல்லியும் வைத்தார்.

பங்குனி வெயிலில் அந்தப் பட்டைச் சுற்றிக்கொண்டு மூவரும் பஸ் ஏறினோம். ஸ்டுடியோவில் போட்டோ எடுப்பவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"கல்யாணத்துக்கு வந்தீங்களா, பாட வந்தீங்களா? இது கோடைப் பாட்டும்மா. உங்களைப் பாத்தா எனக்கு வேர்க்குது."

கிடார்க்காரர்கூடச் சிரித்தார். நான் கூனிக் குறுகிப் போனேன். ஆனாலும் படம் எடுத்தார்கள். எடுத்த படத்தைப் போடத்தானே செய்வார்கள் என்று நம்பி வீடு திரும்பினேன்.

ரெக்கார்டு எங்கள் தெருமுனை சவுண்டு சர்வீஸ் கடைக்கு வந்த அன்று, அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என்னையும் அழைத்துப் போனார். பின்னாலேயே தெரு ஆட்கள் நாலைந்து பேர். கடைக்காரர் உறையை எடுத்து அப்பா கையில் கொடுத்தார்.

கடற்கரை. பெரிய குடை. அதன் கீழே கையில்லாத ரவிக்கையும் கறுப்புக் கண்ணாடியுமாக யாரோ மூன்று பெண்கள். மேலே எங்கள் குழுவின் பெயர்.

அப்பா பின்பக்கம் திருப்பினார். எழுத்துதான் இருந்தது. மறுபடி முன்பக்கம் திருப்பினார். உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார். அவமானம் என்னைப் பிடுங்கித் தின்றது. அந்த அட்டையை வாங்கிக் கிழித்துப் போட்டால் தேவலாம் போலிருந்தது. கடைக்காரர் நல்ல மனிதர். இசைத்தட்டைச் சுழலவிட்டார். மேலே குழாய் ஒலிபெருக்கியில் பாட்டு வந்தது. நன்றாகத்தான் வந்தது. தெரு ஆட்கள் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் பாட்டைக் கேட்டார்கள்.

அப்பாவுக்குத் தெரிந்த முசரவாக்கத்து விவசாயி ஒருவர் அந்த வழியாக சைக்கிளில் வந்து இறங்கினார். என்னை அவர் பார்த்ததில்லை.

"இன்னாண்ணே, உங்க பொண்ணு பாடின பிளேட்டு வந்துக்கீதாமே! இதுல உங்க பொண்ணு எதுண்ணே?"

நான் பக்கத்திலேயே பழைய பருத்தித் தாவணியில் நிற்கிறேன். அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அட்டையில் விரலை வைத்தார்.

"நடுவுல நிக்குது பாரு, அதுதான்."

"அட, லட்சணமா இருக்குதுண்ணே!" அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கினார். பிறகு என் பக்கம் தலையை அசைத்து, "இது?" என்றார்.

"பக்கத்து வூட்டுப் பொண்ணு. பாட்டு கேக்க வந்துச்சு."

நான் தனியாகப் பாடுகிற இடம் அப்போதுதான் வந்தது. முசரவாக்கத்துக்காரர் அட்டையில் இருந்தவளைப் பார்த்துக்கொண்டே, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணாகவே நின்று கேட்டேன்.